சரக்கு மட்டும் போதுமா? வண்டி வேண்டாமா?
(வைட்டமின் ஏ-யைச் சுமக்கும் புரதம் பற்றி ஒரு பாடம்)



மெக்கானிக்கல் பிரிவில் படிக்கிறவனுக்குப் புரதத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பம்பு, வால்வு, பேரிங் என்று எழுதினால் எனக்கும் சுலபம், மலர்க் குழுவுக்கும் சந்தோஷம். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என்னை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. படித்துப் பார்த்தால், நாம் பட்டறையில் படிக்கிற விஷயம்தான் நம் ரத்தத்துக்குள்ளும் ஓடுகிறது என்று தெரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

சம்பவம்

நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்த சமயம். அக்கா தன் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பகலில் நன்றாகத்தான் விளையாடுவான். பொழுது சாய்ந்துவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றுவிடுவான். கூப்பிட்டால் வருவான், வழியில் கிடக்கிற செம்பில் இடித்துக்கொள்வான். அப்பத்தா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது மாலைக்கண்ணுடா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றார்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், கையைக் காலைப் பார்த்தார், எடை போட்டார். வைட்டமின் ஏ மருந்தை அங்கேயே வாயில் ஊற்றினார். மறுநாள் ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை வரச் சொன்னார். பிறகு அக்காவிடம், "பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?" என்று கேட்டார். அக்கா, "அம்மை போட்டதிலிருந்து கஞ்சியும் இளநீரும்தான். எண்ணெய், பருப்பு, முட்டை எதுவும் சேர்க்கலை. வீட்டில் தாளிக்கிறதே இல்லை" என்றாள்.

"தண்ணி ஊத்தியாச்சுல்ல? இன்னைக்கே ஆரம்பிங்க. பருப்பு, முட்டை, கொஞ்சம் எண்ணெய், எல்லாம் வேணும்."

அப்பத்தாவுக்கு இது புரியவில்லை. "டாக்டரம்மா, கண்ணுக்குத்தான் மருந்து குடுத்தாச்சே. அப்புறம் பருப்பு எதுக்கு?"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரக்கு வந்துட்டா போதுமா ஆத்தா? ஏத்திக்கிட்டுப் போக வண்டி வேணாமா? அந்த வண்டியைச் செய்யிறது பருப்பும் முட்டையும்தான்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம் தேடித்தான் நான் நூலகத்தில் உயிர்வேதியியல் புத்தகத்தைப் பிரித்தேன். அங்கே அந்த வண்டி இருந்தது. அதற்குப் பெயரும் இருந்தது: ரெட்டினால் பைண்டிங் புரோட்டீன். ரெட்டினாலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் என்று பொருள். சுருக்கமாக ஆர்.பி.பி. என்போம்.

1. சரக்கு என்ன?

வைட்டமின் ஏ-யின் வேதிப் பெயர் ரெட்டினால். 20 கார்பன், 30 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்ஸிஜன். மூலக்கூறு எடை சுமார் 286. ஒரு முனையில் ஆறு கார்பன் வளையம், அதிலிருந்து நீண்ட வால், வாலின் கடைசியில் ஒரு ஹைட்ராக்சில். இந்த ஹைட்ராக்சில் ஒன்றுதான் தண்ணீருக்கு வேண்டிய பகுதி. மற்றதெல்லாம் எண்ணெய் ஜாதி.

இங்கேதான் சிக்கல். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நம் வீட்டுக் குழம்பே சொல்லும். ரெட்டினாலைத் தனியாக ரத்தத்தில் விட்டால் அது கரையாது. சுலபமாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெட்டும் போகும். கண்ட இடத்தில் செல் சவ்வில் ஒட்டிக்கொண்டு சேதமும் செய்யும். எனவே மூன்று வேலை ஒன்றாக நடக்க வேண்டும்: கரைய வைக்கணும், பாதுகாக்கணும், சரியான விலாசத்தில் இறக்கணும்.

முதலில் சரக்கு எப்படிக் கிடங்குக்கு வருகிறது என்று பார்ப்போம். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, மாம்பழம் இவற்றில் இருப்பது கரோட்டின். அதைக் குடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. முட்டை மஞ்சள் கரு, பால், ஈரல் இவற்றில் நேரடியாகவே வைட்டமின் ஏ உண்டு. இரண்டுமே குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு வேண்டும். அதனால்தான் கீரையில் ஒரு கரண்டி எண்ணெய். குடலிலிருந்து கொழுப்புத் துளிகளோடு சேர்ந்து கல்லீரலுக்குப் போய் அங்கே எஸ்டராகச் சேமிக்கப்படுகிறது. உடலில் உள்ள வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதி இந்தக் கல்லீரல் கிடங்கில்தான் இருக்கிறது.

இதுவரை வண்டிக்கு வேலை இல்லை. கிடங்கிலிருந்து வெளியே கிளம்பும்போதுதான் ஆர்.பி.பி. வருகிறது.

2. வண்டியின் அமைப்பு

1968-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கனாய், ராஸ், குட்மேன் ஆகிய மூவர் மனித ரத்தத்திலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1984-ல் சுவீடனின் உப்சாலாவில் நியூகமர், ஆல்வின் ஜோன்ஸ் குழுவினர் எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் இதன் முப்பரிமாண உருவத்தைக் கண்டனர்.

கல்லீரல் செல் முதலில் 201 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக இதைத் தயாரிக்கிறது. முன்னால் உள்ள 18 அமினோ அமிலங்கள் வெறும் விலாசச் சீட்டு. 'இது வெளியே போக வேண்டிய சரக்கு' என்று செல்லுக்குச் சொல்லிவிட்டு அது வெட்டப்பட்டுவிடும். மீதி 183 அமினோ அமிலங்கள். எடை சுமார் 21,000 டால்டன்.

இந்தச் சங்கிலி எப்படி மடிகிறது? பழைய மரப் பீப்பாயைப் பார்த்திருப்பீர்கள். நீள மரப்பட்டைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி வட்டமாக வளைத்துச் செய்வார்கள். அதே மாதிரி எட்டு பீட்டா இழைகள் மேலும் கீழுமாக அடுத்தடுத்து நின்று வளைந்து ஒரு பீப்பாய் ஆகின்றன. மரப் பீப்பாயை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கும். இங்கே இழைகளை ஒன்றோடொன்று பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். போதாததற்கு மூன்று இடத்தில் கந்தகப் பிணைப்புகள், போல்ட் போட்டு முடுக்கியது போல. சங்கிலியின் ஆரம்பப் பகுதி பீப்பாயின் அடியை மூடிக்கொள்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு ஆல்பா சுருள் பீப்பாயின் வெளியே சாய்ந்து நிற்கிறது. மேல் வாய் மட்டும் திறந்திருக்கும்.

இப்போது பொறியாளர் கண்ணோடு பாருங்கள். பீப்பாயின் வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும் அமினோ அமிலங்கள். உட்புறம் எண்ணெயோடு ஒத்துப்போகும் அமினோ அமிலங்கள். ரெட்டினால் தலைகீழாக உள்ளே இறங்குகிறது. வளையம் பீப்பாயின் நடுவயிற்றில் உட்கார்கிறது. வால் வாயை நோக்கி நீள்கிறது. ஹைட்ராக்சில் வாயருகே வந்து நிற்கிறது. சரக்குக்கு உள்ளே எண்ணெய்ச் சூழல், வண்டிக்கு வெளியே தண்ணீர்ச் சூழல். இரண்டு தரப்புக்கும் சமாதானம்!

இப்படிப் பீப்பாய் அமைப்புள்ள புரதக் குடும்பத்துக்கு லிப்போகாலின் என்று பெயர். 'கொழுப்புக் கிண்ணம்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 286 எடையுள்ள சரக்கைச் சுமக்க 21,000 எடையுள்ள வண்டி. அதாவது வண்டி சரக்கைப்போல் சுமார் 73 மடங்கு கனம். ஒரு வண்டிக்கு ஒரே ஒரு மூலக்கூறுதான் லோடு. இதென்ன வீண் செலவு என்று தோன்றும். ஆனால் சரக்கு அவ்வளவு மதிப்புள்ளது, தவறான இடத்தில் கொட்டினால் அவ்வளவு ஆபத்தானது. ஆசிட் டேங்கர் லாரியின் தகடு ஏன் கனமாக இருக்கிறது? அதே காரணம்.

3. லோடு இல்லாமல் வண்டி கிளம்பாது

ஆர்.பி.பி.யின் மிக அழகான குணம் இதுதான். கல்லீரல் செல்லுக்குள் தயாரான வண்டி, ரெட்டினால் ஏறினால்தான் வெளியே போகும். சரக்கு இல்லை என்றால் ஷெட்டிலேயே நிற்கும். வைட்டமின் ஏ இல்லாத உடலில் கல்லீரலுக்குள் காலி வண்டிகள் குவிந்து கிடக்கும், ரத்தத்தில் வண்டியைக் காணோம். சரக்கு வந்தவுடன் வரிசையாகக் கிளம்பிவிடும்.

மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாக வைத்திருக்கிறார்கள். முதலில் ரத்தத்தில் ரெட்டினாலை அளப்பார்கள். கொஞ்சம் வைட்டமின் ஏ கொடுத்து ஐந்து மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் கிடங்கு காலி என்று பொருள். காத்திருந்த காலி வண்டிகள் லோடு கிடைத்ததும் வெளியே ஓடியதால்தான் அந்த ஏற்றம். கல்லீரலைத் தொடாமலே கல்லீரல் கிடங்கின் இருப்பைக் கணக்கிடும் வழி இது. அளவுகோலை உள்ளே விடாமல் டேங்க்கைத் தட்டிப் பார்த்து டீசல் இருப்பைச் சொல்லும் டிரைவர் ஞாபகம் வருகிறதா?

4. வண்டிக்கு ஒரு கூட்டாளி

வெளியே வந்த வண்டிக்கு ஒரு அபாயம் உண்டு, சிறுநீரகம். அது ஒரு சல்லடை. 66,000 டால்டன் எடையுள்ள அல்புமின் புரதத்தைப் பெரும்பாலும் ரத்தத்திலேயே நிறுத்திவிடும். ஆனால் 21,000 டால்டன் ஆர்.பி.பி. நழுவிவிடும். இப்படியே விட்டால் வண்டியும் போகும், சரக்கும் போகும்.

அதற்குத்தான் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு புரதம். பெயரைப் பிரித்துப் பாருங்கள்: டிரான்ஸ், தை, ரெட்டின். தைராக்சின் ஹார்மோனையும் ரெட்டினாலையும் இடம் விட்டு இடம் கொண்டு செல்வது. முன்பு இதை ப்ரீஅல்புமின் என்றார்கள். 127 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்தது. எடை சுமார் 55,000. ஆர்.பி.பி.யும் இதுவும் கைகோத்தால் மொத்தம் சுமார் 76,000. சல்லடையில் நழுவாது. மனித ஆர்.பி.பி.யும் டிரான்ஸ்தைரெட்டினும் சேர்ந்த உருவத்தை 1999-ல் நெய்லர், நியூகமர் இருவரும் படிகத்தில் கண்டு காட்டினர்.

இதிலும் ஒரு நுட்பம். லோடு உள்ள வண்டியைத்தான் கூட்டாளி கெட்டியாகப் பிடிப்பான். பீப்பாய் வாயருகே உள்ள ஒரு வளைவு, குறிப்பாக 35-ஆம் இடத்து லூசினும் 36-ஆம் இடத்து ஃபினைல்அலனினும், ரெட்டினால் உள்ளே இருக்கும்போது ஒரு நிலையிலும் இல்லாதபோது வேறு நிலையிலும் நிற்கும். கூட்டாளி தொடுகிற இடமும் அந்த வாய்ப்பக்கம்தான். சரக்கு இறங்கியதும் பிடி தளர்கிறது. காலி வண்டி தனியாகி, சிறுநீரகச் சல்லடையில் இறங்கி, அங்கே உள்ள செல்களால் உறிஞ்சிச் சிதைக்கப்படுகிறது. லோடு இறக்கிய லாரியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவது மாதிரி!

இந்தப் பிடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: ஃபென்ரெட்டினைடு என்ற மருந்து ரெட்டினாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வாயருகே முட்டிக்கொண்டு நின்று, கூட்டாளி சேரவிடாமல் தடுக்கிறது. அதை உட்கொண்டவர்களுக்கு ரத்தத்தில் ரெட்டினால் குறைந்தது, இருட்டில் பார்வை மங்கியது. சரக்கில் குறை இல்லை, வண்டியிலும் குறை இல்லை, கொக்கி மாட்டவில்லை. அவ்வளவுதான்.

5. இறக்குமிடம்

கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல் அடுக்கு ஒன்று இருக்கிறது. அந்தச் செல்களின் சவ்வில் ஸ்ட்ரா6 என்ற வாசல் புரதம் உண்டு. இதை 2007-ல் கவாகுச்சி, ஹுய் சன் குழுவினர் கண்டறிந்தனர். ஆர்.பி.பி. செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று ரெட்டினாலை மட்டும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த வாசல் புரதத்தின் மரபணுவில் கோளாறு உள்ள சில குழந்தைகள் கண்ணே உருவாகாமல் பிறக்கின்றன. சரக்கு, வண்டி, வாசல் மூன்றுமே வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

உள்ளே போன ரெட்டினால் சில மாற்றங்களுக்குப் பிறகு ரெட்டினால்டிஹைடு ஆகிறது. அது ஆப்சின் என்ற புரதத்தோடு சேர்ந்து ரொடாப்சின் ஆகிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்களில் இருப்பது இதுதான். ஒளி பட்டால் வளைந்த மூலக்கூறு நேராகிறது; அந்த அசைவே பார்வைச் சமிக்ஞையின் ஆரம்பம். பிறகு அதைத் திரும்ப வளைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும். சரக்கு வராவிட்டால் முதலில் அடிபடுவது மங்கிய ஒளிப் பார்வைதான். அதுவே மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் வெண்விழியில் நுரைபோன்ற பைடாட் புள்ளி, கருவிழி வறட்சி, கடைசியில் கருவிழி உருகிப் போய் நிரந்தரக் குருடு.

6. பழுது எங்கே?

இப்போது நம்ம பாஷைக்கு வருவோம். தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? உடனே கிணற்றைத் தூர் வாரச் சொல்வோமா? முதலில் எட்டிப் பார்ப்போம். கிணறு வற்றியிருக்கலாம். கிணறு நிறைய இருந்தும் புட் வால்வு போயிருக்கலாம். இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். குழாயில் வருவது ஒரே பூஜ்யம்தான், காரணம் வேறு வேறு.

ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். ரத்தத்தில் ரெட்டினால் லிட்டருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் குறைவு என்கிறார்கள். அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் பல பழுதுகள் இருக்கலாம்.

பழுது ஒன்று: கிடங்கு காலி. உணவில் வைட்டமின் ஏ இல்லை. வண்டிகள் ஷெட்டில் காத்திருக்கின்றன. தீர்வு: சரக்கு கொடு.

பழுது இரண்டு: வண்டி இல்லை. கிடங்கில் சரக்கு இருக்கலாம், ஆனால் புரதப் பட்டினியால் ஆர்.பி.பி. தயாராகவில்லை. 1973-ல் எகிப்தில் குவாஷியோர்கர் என்ற கடும் புரதக்குறை நோய்க் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வைட்டமின் ஏ தனியாகத் தராமலே நல்ல புரத உணவு கொடுத்தபோதும் ரத்தத்தில் ஆர்.பி.பி.யும் ரெட்டினாலும் ஏறின. அடைபட்டிருந்த கிடங்கு திறந்துகொண்டது!

பழுது மூன்று: வேலை நிறுத்தம். அம்மை, காய்ச்சல் போன்ற தொற்று வந்தால் கல்லீரல் நோயை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பதில் இறங்கிவிடும், ஆர்.பி.பி. உற்பத்தி குறையும். துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் உற்பத்தி பாதிக்கும்.

பழுது நான்கு: வண்டியின் வடிவமைப்பே கோளாறு. ஜெர்மனியில் இரு சகோதரிகளுக்கு ஆர்.பி.பி. மரபணுவில் பிழை இருந்ததாக 1999-ல் அறிக்கை வெளிவந்தது. ரத்தத்தில் ரெட்டினால் மிகக் குறைவு, மாலைக்கண் இருந்தது. ஆனால் உடல் வளர்ச்சி நன்றாகவே இருந்தது. உணவு உண்டதும் குடலிலிருந்து வரும் கொழுப்புத் துளிகள் மற்ற உறுப்புகளுக்கு ஓரளவு வைட்டமின் ஏ கொடுத்துவிடுகின்றன. கண்ணுக்கு மட்டும் அது போதவில்லை. ஆக, இந்த வண்டியை மற்ற உறுப்புகளைவிடக் கண்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

7. வண்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது?

ரத்தத்தில் அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். டிரான்ஸ்தைரெட்டினுக்குச் சுமார் 2 நாள். ஆர்.பி.பி.க்கோ சுமார் அரை நாள்தான். காலி வண்டி என்றால் சில மணி நேரம். அப்படியானால் தினம் தினம் புது வண்டி கட்டியாக வேண்டும். மூலப்பொருள் அமினோ அமிலம். அது பருப்பு, முட்டை, பால், மீன், கடலை இவற்றிலிருந்து வர வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு மூன்று லிட்டர் பிளாஸ்மா, லிட்டருக்கு 2 மைக்ரோமோல் ரெட்டினால் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 மைக்ரோமோல். 286-ஆல் பெருக்கினால் சுமார் 1.7 மில்லிகிராம். அதைச் சுமக்க 126 மில்லிகிராம் ஆர்.பி.பி. வேண்டும். குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ என்பது 60 மில்லிகிராம். வளர்ந்த ஆளின் முழு ரத்தத்தில் ஓடுவதைப்போல் 35 மடங்கு! அத்தனையும் ஒரே நாளில் ரத்தத்தில் ஓடாது. கிடங்கில் இறங்கி, வண்டி வண்டியாகப் பல மாதம் வெளியே போக வேண்டும். மருந்து கொடுப்பது ஒரு நாள் வேலை; வண்டி கட்டுவது தினசரி வேலை.

இப்போது எங்கள் வீட்டுப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். மணல்வாரி வந்ததும் சரக்குச் செலவு கூடியது. வண்டி உற்பத்தி குறைந்தது. அதே சமயத்தில் நாங்கள் பத்தியம் என்ற பெயரில் எண்ணெயை நிறுத்தினோம், உறிஞ்சும் வழி சுருங்கியது. பருப்பையும் முட்டையையும் நிறுத்தினோம், பட்டறைக்கு மூலப்பொருள் நின்றது. மூன்று பக்கமும் அடைத்துவிட்டு, கண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்ல வரவில்லை. வேப்பிலை கட்டட்டும், மஞ்சள் தண்ணீர் ஊற்றட்டும், வீட்டைச் சுத்தமாக வைக்கட்டும். அந்த அக்கறையில் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் அம்மை போட்ட பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. கஞ்சியோடு பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவைத்து, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். பிள்ளைக்கு அம்மை கண்டால் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். மணல்வாரிக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தக் கதையே வேண்டியதில்லை.

8. நம் திருச்சி மாவட்டத்தில்

இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ வழங்கும் திட்டம் 1970-ல் தொடங்கியது. முதல் நோக்கம் குருட்டைத் தடுப்பது. ஆனால் விஷயம் கண்ணோடு நிற்கவில்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மதுல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஒரு வருடம் ஆய்வு செய்து 1990-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறை 8,333 யூனிட் வைட்டமின் ஏ. ஏறக்குறைய அன்றாட உணவில் கிடைக்க வேண்டிய அளவுதான் அது. மற்ற பிரிவுக்கு அது இல்லை. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது.

எல்லா ஊரிலும் இதே பலன் கிடைத்தது என்று சொல்ல முடியாது. வட இந்தியாவில் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவு கொடுத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் மரணக் குறைவு சுமார் 4 சதவீதம்தான். ஊரும் உணவும் நோயும் கொடுத்த முறையும் வேறு வேறு. சொட்டு மருந்து சோற்றுக்குப் பதில் ஆகாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

9. ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உடல் அளவாகத்தான் வண்டி விடும். கிடங்கு நிரம்பி வழிந்தால் வைட்டமின் ஏ எஸ்டர்கள் ஆர்.பி.பி.யின் காவல் இல்லாமல் மற்ற கொழுப்புப் புரதங்களோடு ரத்தத்தில் சுற்றும், செல் சவ்வுகளைக் கெடுக்கும். தலைவலி, வாந்தி, கல்லீரல் சேதம் வரை போகும். துருவக் கரடியின் ஈரலைத் தின்றவர்கள் நோயில் விழுந்ததற்குக் காரணம் இந்த அளவு மீறல்தான். கர்ப்பிணிகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ சிசுவுக்கே ஆபத்து. கீரையும் முட்டையும் சாப்பிட டாக்டர் சீட்டு வேண்டாம், மாத்திரைக்கு வேண்டும்.

முடிவாக

நண்பர்களே! எந்த இயந்திரத்திலும் வெளியே வரும் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே, பாதை முழுவதும் நடந்து பார் என்று நம் பட்டறை ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆர்.பி.பி. எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதேதான். சரக்கு, கிடங்கு, வண்டி, கொக்கி, வாசல். இதில் எது அறுந்தாலும் பிள்ளை இருட்டில் நிற்கும்.

எங்கள் பையன் மருந்தும் சாப்பாடும் சேர்ந்து கிடைத்ததும் தேறிவிட்டான். ஒரு சாயங்காலம் கூடு அடையப் போன கோழியை வாசல் முழுக்க விரட்டிக்கொண்டு ஓடினான். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி, "வண்டி வந்துருச்சுடா!" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

சுய பரிசோதனை வினாக்கள்

1. ரெட்டினால் ரத்தத்தில் தனியாகப் பயணம் செய்ய முடியாதது ஏன்?
2. ஆர்.பி.பி. பீப்பாயின் உட்புறமும் வெளிப்புறமும் எவ்வாறு வேறுபடுகின்றன?
3. டிரான்ஸ்தைரெட்டின் இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் என்ன நடக்கும்? எடைக் கணக்குடன் விளக்குக.
4. இரண்டு குழந்தைகளுக்கு ரத்தத்தில் ரெட்டினால் ஒரே அளவு குறைவு. ஒருவருக்குச் சரக்கு இல்லை, இன்னொருவருக்கு வண்டி இல்லை. எப்படி இது சாத்தியம்?
5. உங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, வீட்டில் பத்தியம் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் நீங்கள் என்ன சொல்வீர்கள்? (இதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் இதுதான் முக்கியமான கேள்வி.)

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்